பசியட நின்ற பெண்டிர்

சேலத்திலிருந்து வடக்கே செல்வோர் தொப்பூர்க் கணவாயின் மேட்டை ஏறிக் கடந்தே பழைய தகடூர் நாட்டிற்குள் புகவேண்டும். மேடேறிச் சற்றுத் தொலைவு சென்றால் அதியமான்கோட்டை. அதனையடுத்து, தகடூர் எனச் சங்க நூல்கள் பேசும் தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சியும் ஔவையாரும் நட்புப் பூண்டு வாழ்ந்த நிலம் இது. அந்நட்பைப் பேசுவோர் எவரும் நெல்லிக்கனியைப் பேசாது விடுவதில்லை. ஆயின் அவ்விருவரும் சேர்ந்து உண்ட பிற உணவுகளைப் பற்றி அத்துணையாகப் பேசுவதில்லை.

அஞ்சி இறந்துபட்டபோது ஔவையார் பாடிய கையறுநிலை, புறநானூற்றில் 235ஆம் பாடலாக அமைந்துள்ளது. அவன் வென்ற போர்களை அப்பாடல் முதலில் நினைக்கவில்லை; அவனோடு உண்டதையே முதலில் நினைக்கிறது. கள் சிறிதளவே கிடைத்தால் அதனைத் தமக்கே தந்துவிடுவான் என்றும், மிகுதியாகக் கிடைத்தால் தாம் பாட அவனும் உடனிருந்து மகிழ்வான் என்றும், ஊன் கிடைத்த இடமெல்லாம் தமக்கு அளிப்பான் என்றும் புலவர் கூறுகிறார். கள்ளையும் ஊனையும் கூச்சமின்றிப் போற்றும் பெண்குரல் இது. அவருடைய தோற்றத்தையும் சங்கப் பாடலே காட்டுகிறது. 89ஆம் புறப்பாட்டில் பகைவேந்தன் அவரை விளிக்கும்போது அணிகலன்களையும் மைதீட்டிய கண்களையும் ஒளி பொருந்திய நெற்றியையும் குறிப்பிட்டு, விறலி என்றே அழைக்கிறான். கோலூன்றிய மூதாட்டி அங்கில்லை.

மூதாட்டி பிறகே வருகிறார். ஔவை என்னும் பெயர் பூண்டோர் ஒருவர்க்கு மேற்பட்டோர் என்பது ஆய்வாளர் பலரும் ஏற்ற கருத்து. பிற்கால ஔவையார் பெயரால் வழங்கும் கொன்றைவேந்தன், பெண்டிர்க்கு அழகு யாது என்று கூறப்புகுந்து, உணவைக் குறைத்துக்கொள்வதே என்கிறது. அழகு என்னும் சொல்லுக்கு அவ்விடத்தில் தகுதி என்பதே பொருள், தோற்றப்பொலிவு அன்று என உரை கூறலாம். அவ்வுரை பொருந்துவதும் ஆகும். ஆனால் பத்து வயதில் அவ்வடியை மனப்பாடம் செய்யும் சிறுமி உரையையும் சேர்த்து மனப்பாடம் செய்வதில்லை. நல்வழியிலோ வயிற்றையே முன்னிறுத்திக் கடியும் வெண்பா ஒன்று உண்டு. நோன்புக்கும் இசையாத, சேமிப்புக்கும் இசையாத வயிற்றோடு வாழ்வது அரிது என்று அது நொந்துகொள்கிறது. தகடூரில் மகிழ்ந்து உண்டவரின் பெயராலேயே குறைத்து உண்ணும் அறமும் வயிற்றைக் கடியும் பாட்டும் வழங்கலாயின. இவற்றோடு, மணவாழ்வை வேண்டாத இளம் ஔவை விநாயகரை வேண்டித் தம் இளமையையே கழித்துக்கொண்டார் என்னும் கதையும் சேர்ந்தது. 1953இல் வெளிவந்த ஜெமினியின் ‘ஔவையார்’ திரைப்படம் அக்கதையைத் தமிழகமெங்கும் பரப்பியது.

இரண்டு ஔவையர்க்கும் இடைப்பட்ட இவ்வேறுபாடு இலக்கிய வரலாற்றுக்கு மட்டும் உரியதன்று. உண்ண மறுத்து உடலை மெலிவிக்கும் நோயொன்றை மருத்துவ உலகம் 150 ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. 1873இல் லண்டனில் வில்லியம் கல் என்பவரும் பாரிசில் சார்லஸ் லசேக் என்பவரும் தனித்தனியே அதனை விவரித்தனர். கல் அதற்கு அனோரெக்சியா நெர்வோசா எனப் பெயரிட்டார். அளவின்றி உண்டு, பின் அஞ்சி வாந்தியெடுக்கும் மற்றொரு வகைக்கு 1979இல் ஜெரால்ட் ரஸ்ஸல் புலிமியா நெர்வோசா எனப் பெயரிட்டார். முன்னதன் பெயர் பிழைபட்டது என்பதை மருத்துவரே ஒப்புவர். அனோரெக்சியா என்னும் கிரேக்கச் சொல் பசியின்மையைக் குறிக்கும். அந்நோயுற்ற பெண்ணுக்கோ பசி உண்டு. அப்பசியை அவள் எதிர்த்து நிற்கிறாள்.

தொல்காப்பியர் இவ்விடத்தில் கிரேக்கத்தினும் நுட்பமான சொல்லைத் தந்துள்ளார் என்பது வியப்புக்குரியது. மெய்ப்பாட்டியலில் காதலுற்ற தலைவியிடம் தோன்றும் மெய்ப்பாடுகளை அவர் அடுக்கிச் செல்கிறார். அவற்றுள் ஒன்று பசியட நிற்றல்: பசி வருத்தவும் உணவை வேண்டாது நிற்பது. அதனையடுத்தே பசலையும், உணவு குறைதலும், உடம்பு மிகச் சுருங்குதலும், உறக்கம் மறுத்தலும் வருகின்றன. மருத்துவமனைக் குறிப்பேட்டில் இருந்தால் எவரும் ஐயுறாத வரிசை இது. ஆனால் தொல்காப்பியர்க்கு இது நோய்ப் பட்டியல் அன்று; காதலின் பட்டியல். அவர் வகுத்த வழியிலேயே தமிழ்க் கவிதை ஈராயிரம் ஆண்டுகள் நடந்தது. மெலிந்த பெண்ணைக் கண்டால், யாரை நினைந்து மெலிந்தாள் என்று கேட்கக் கற்றது. தாய் வேலனை அழைத்து வெறியாட்டு எடுப்பாள். காரணம் தெரிந்த தோழி உள்ளுக்குள் நகைப்பாள்.

இங்கு ஒன்றைக் கருதவேண்டும். சங்கப் பாடல்களில் மெலிவு அழகன்று. இடை ஒன்றே சிறுத்திருக்க வேண்டும். தோள் மூங்கில்போல் திரண்டிருக்க வேண்டும். வளை இறுகப் பற்றியிருக்க வேண்டும். வளை நெகிழ்ந்தால் அது அழகின் அழிவு. ஆகவே பழந்தமிழ் மரபு ஒல்லியான உடலைப் போற்றியது என்று சொல்வது பிழை. அது போற்றியது வேறொன்று: பெண், தன் பசியை வெளிக்காட்டாமையை. நற்றிணை 110ஆம் பாடலில் போதனார் வரையும் சிறுமி, தேன் கலந்த பால் நிறைந்த பொற்கிண்ணத்தோடு செவிலியர் துரத்த, உண்ண மறுத்து ஓடுகிறாள். அவளே மணமானபின், கணவன் குடி வறுமையுற்றபோது தந்தையின் வளமான சோற்றை நினையாதவளாய், ஒருவேளை விட்டு ஒருவேளை உண்கிறாள். இத்துணை அறிவை எங்கே கற்றாள் எனத் தாய் வியக்கிறாள். பாடல் மிக நல்ல பாடல். எனினும் அவளுக்குப் பசித்ததா என்று அதில் எவரும் கேட்கவில்லை.

காப்பியங்களுக்கு வந்தால் நிலைமை இன்னும் கடுமையாகிறது. மணிமேகலையில் வரும் காயசண்டிகை ஒரு நாவற்கனியை அறியாது மிதித்ததால் விருச்சிக முனிவனின் சாபம் பெற்று, பன்னிரண்டு ஆண்டுகள் யானைத்தீ என்னும் தீராப் பசியால் வருந்துகிறாள். எவ்வளவு உண்டும் அடங்காத பசி. அமுதசுரபியின் உணவை மணிமேகலையின் கையால் பெற்றபின்பே அது தீர்கிறது. அடங்காப் பசியை ஒரு துன்பமாகக் கண்டு, இகழாமல், பரிவோடு பாடிய காப்பியம் அக்காலத்தில் வேறெங்கேனும் உண்டா என்பது ஆராயத்தக்கது. அதன்பின் நிகழ்வதோ அதனினும் கூர்மையானது. உதயகுமரனின் வேட்கையிலிருந்து தப்ப மணிமேகலை தன் அழகிய உருவை மறைத்து, காயசண்டிகையின் உருவையே மேற்கொள்கிறாள். விரும்பப்படும் உடலைவிடப் பசிப்பிணியுற்ற உடல் அவளுக்குக் காப்பாகிறது.

காரைக்கால் அம்மையார் இதனை முடிந்த முடிபாகச் செய்தவர். சேக்கிழார் கூறுமாறு, கணவன் பரமதத்தன் தம்மைத் தெய்வமெனக் கருதி விலகியபோது, அவன்பொருட்டுச் சுமந்த தசைப்பொதி இனி வேண்டா என இறைவனிடம் வேண்டி, ஊனை உதறிப் பேய்வடிவு பெற்றார் புனிதவதியார். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் வற்றிய மார்பும் குழிந்த கண்ணும் புடைத்த நரம்புமாகப் பேயின் உடலை அவர் விவரிப்பதில் வெறுப்பு இல்லை. ஒருவகை நிறைவு உண்டு. சோழர்காலச் சிற்பிகள் அவரை என்பு தோன்ற வடித்தனர். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் பெருமானின் திருவடிக்கீழ் அவரை இன்றும் காணலாம்.

1985இல் ருடால்ஃப் பெல் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர், இத்தாலியப் பெண் துறவியர் பலரின் உண்ணாநோன்பை அனோரெக்சியாவோடு ஒப்பிட்டு நூல் எழுதினார். 1380இல் முப்பத்துமூன்று வயதில் இறந்த சியன்னா நகரத்துக் கத்தரீனாள் அவருடைய முதன்மைச் சான்று. அவ்வழியே அம்மையாரையும் நோயாளியாக்கத் துணிவோர் உண்டாகலாம், அது ஏற்கத்தக்கதன்று. அம்மையார் உண்ணாதிருந்தார் எனச் சேக்கிழார் எங்கும் கூறவில்லை. அவர் கதையில் உணவு, பசித்து வந்த அடியவர்க்கு அளித்த சோறும் மாங்கனியும் ஆகும். கத்தரீனாள் உண்ண மறுத்ததற்குச் சான்றுகள் உள. அம்மையார் மறுத்தது தம் உடலின்மீது பிறர் கொண்ட உரிமையை. இவ்விரண்டையும் ஒன்றாக்குவது நோயையும் சிறுமைப்படுத்தும், கவிதையையும் சிறுமைப்படுத்தும்.

எனினும், அழகிய உடலைக் கழித்தே விடுதலை பெற முடிந்த மூன்று பெண்களைத் தமிழ் தன் பெருமைக்குரியோராக வைத்துள்ளது என்பதை மறுப்பதற்கில்லை. உண்ண மறுக்கும் பெண்ணைக் காதலி என்றோ கற்பினள் என்றோ நோன்பினள் என்றோ காண நமக்குப் பழக்கம் உண்டு. நோயுற்றவள் என்று காணும் பழக்கம் இல்லை. இதன் விளைவை மருத்துவ ஆய்வுகளில் காணலாம். 1995இல் தில்லி மருத்துவர்கள் ஐந்து இளம் பெண்களைப் பற்றி எழுதினர். உண்ண மறுத்தல், வாந்தி, பெரும் எடையிழப்பு, மாதவிலக்கு நிற்றல் ஆகிய யாவும் இருந்தன. பருத்துவிடுவோம் என்னும் மேலைநாட்டு அச்சம் மட்டும் தெளிவாக இல்லை. ஹாங்காங்கில் சிங் லீ என்பவரும் 1993இல் இத்தகைய நோயாளர் பலரைக் காட்டியிருந்தார். எடை கூடுமென்ற அச்சத்தைச் சொல்லாத பெண்ணுக்கு அந்நோயின் பெயரைத் தரப் பாடநூல்கள் அந்நாளில் தயங்கின. 2013இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவக் கையேடு, அச்சத்தை வாயால் சொல்லாவிடினும் எடை கூடாதவாறு தடுக்கும் நடத்தை இருந்தால் போதும் எனத் திருத்திக்கொண்டது. 1998இல் வெளியான சென்னை ஆய்வு, 210 மருத்துவ மாணவர்களுள் 14.8 விழுக்காட்டினரிடம், முழு நோயாக முற்றாத, உணவும் உடலும் பற்றிய அல்லலைக் கண்டது. வேலூரில் நடந்து 2007இல் வெளிவந்த ஆய்விலோ, உணவுசார் கோளாறோடு வந்த சிறார்களுள் மிகப் பலர் உளவழி வாந்தியால் வருந்தியோர். அனோரெக்சியா கண்டோர் சிறு பகுதியினரே. சொல்லில் வராத மறுப்பு வயிற்றின் வழியே வெளிப்பட்டது போலும்.

பட்டினி, உள்ளத்தையும் மாற்றும் என்பதைக் கவிஞர்கள் அறியவேண்டும். 1944–45இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், உடல்நலமுள்ள 36 இளைஞர்களை அவர்தம் இசைவோடு ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் சமையற்குறிப்புகளைச் சேகரிக்கலாயினர், சிறு துண்டுகளாக்கி நெடுநேரம் உண்டனர், நண்பரை விலக்கினர், எரிச்சலும் சோர்வும் மிகுந்தன. பிடிவாதக்காரி என்று வீடு சினக்கும் பெண்ணின் இயல்புகளுள் பல, பட்டினியே உண்டாக்கியவை. நாடித்துடிப்பு குறைகிறது, உடல் குளிர்கிறது, எலும்பு தேய்கிறது. மனநோய்களுள் உயிரிழப்பு மிகுந்தவற்றுள் இதுவும் ஒன்று. நெடுநாள் பட்டினியுற்றவர்க்கு ஒரேயடியாக ஊட்டினும் உயிர்க்கு ஊறு நேரும் ஆதலின், மருத்துவர் துணையோடு படிப்படியாகவே உணவு மீளவேண்டும்.

தருமபுரி மண்ணில் இந்நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என வினவலாம். இது தாது வருடப் பஞ்சத்தை அறிந்த நிலம். 1876–78இல் பழைய சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த இந்நிலம், கேழ்வரகும் சாமையும் பொய்த்துப் பேரிழப்புக்கு ஆளாயிற்று. 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை பத்தாண்டுக்கு முன் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. இங்கு மெலிவு என்றால் பஞ்சம். பூசினாற்போன்ற உடலே செழிப்பின் அடையாளம். தொண்ணூறுகளில் கொங்கு நாட்டு உணவகங்களில் பருத்து மென்மையான இட்டிலிக்கு ஒரு நடிகையின் பெயரை இட்டு மகிழ்ந்தது இவ்வுணர்வின் கடைசி வெளிப்பாடு எனலாம். அதன்பின் திரையும் விளம்பரமும் வேறுடலைக் காட்டின. பாட்டியின் தலைமுறையில் கிடைக்காத சோற்றைப் பேத்தியின் தலைமுறை தள்ளி வைக்கிறது. பாட்டி அதனைக் காணும்போது முதலில் நினைப்பது பஞ்சத்தை. அடுத்து நினைப்பது நோன்பை.

கவியரங்குகளில் இன்றும் நூலிடையும் துடியிடையும் கொடியிடையும் தவறாமல் வருகின்றன. முன்னோர் அவற்றோடு சேர்த்துப் பாடிய திரண்ட தோளை விட்டுவிட்டார்கள். பாதியை மட்டும் எடுத்துக்கொண்ட மரபு, மரபாகாது.

தருமபுரி அருங்காட்சியகத்தில் இப்பகுதி நடுகற்கள் பல காக்கப்படுகின்றன. இந்நாட்டு நடுகற்கள் சிலவற்றில் வீரனின் காலருகே சிறிய கெண்டியொன்று செதுக்கப்பட்டிருக்கும். இறந்தவனுக்கும் பருக ஏதேனும் வேண்டும் என்னும் நினைவு. 232ஆம் புறப்பாட்டில் ஔவையார், அஞ்சியின் நடுகல்லுக்குச் சிறு கலத்தில் கள் படைப்பதைக் கண்டு, நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதனைக் கொள்வானோ என்று கேட்கிறார். அக்கள்ளை அவர் தாம் பருகினாரா என்பதைப் பாடல் கூறவில்லை.