வெள்ளி ரூபாய்க்கு விலை வைப்பது எது?

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடி சமணர் மலையில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பேச்சிப்பள்ளத்துத் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்கு ஆயிரம் வயதுக்கு மேல் ஆகிறது. அவற்றைப் பார்த்துவிட்டு இறங்கும்போது, பழசு என்றாலே மதிப்புதான் என்று தோன்றும். பீரோவில் பாட்டி விட்டுப்போன வெள்ளி ரூபாய்க்கும் பலர் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். "நூறு வருஷத்துக் காசு, லட்சத்துக்குப் போகும்!"

ஆனால் காசு விஷயத்தில் வயதுக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. பழைய மதுரை மாவட்டத்தில் இருந்த போடிநாயக்கனூரில், பாண்டியர் காலத்தவை என்று ஆய்வாளர்கள் கருதும் வெள்ளி முத்திரைக் காசுகள் ஆயிரத்துக்கும் மேல் ஒரே புதையலில் கிடைத்தன. மௌரியர் கால முத்திரைக் காசுகளோ நாடு முழுக்கக் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. அதனால் இரண்டாயிரம் ஆண்டு தாண்டிய ஒரு சாதாரண முத்திரைக் காசை, 1939-ல் அடித்த ஒரு ரூபாயைவிடப் பல மடங்கு மலிவாக வாங்கிவிடலாம்.

சரி, வெள்ளியின் எடையா விலையைத் தீர்மானிக்கிறது? அதுவும் இல்லை. 1835 முதல் 1939 வரை பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. விக்டோரியா ராணி தலை போட்டிருந்தாலும் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்டிருந்தாலும் வெள்ளி ஒன்றுதான். உலோக விலை என்பது தரை மாதிரி. காசு அதற்குக் கீழே இறங்காது, அவ்வளவே. அதற்கு மேல் எவ்வளவு ஏறும் என்பதைச் சொல்வது உலை. எத்தனை அடித்தார்கள் என்பதைவிட, எத்தனை உருகாமல் தப்பின என்பதே கேள்வி.

1918-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போர் நேரம். நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்டவர்கள் கூட்டத்தைச் சமாளிக்க அரசிடம் வெள்ளி இல்லை. அமெரிக்கா அந்த ஆண்டு பிட்மன் சட்டம் என்று ஒன்று போட்டு, சுமார் 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது. அதில் பெரும்பகுதி பிரிட்டன் வழியாக இந்தியாவுக்குத்தான் வந்தது. 1918 என்ற ஆண்டு பொறித்த ரூபாய் மட்டும் 40 கோடிக்கு மேல் அடிக்கப்பட்டது. நம்மூர் வீடுகளில் அதிகம் கிடைப்பதும் இதுதான். தேய்ந்த 1918 ரூபாய்க்கு வெள்ளி விலைக்கு மேல் பெரிதாக எதுவும் கிடைக்காது.

1911 ரூபாயின் கதை வேறு. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் பொறித்த சின்ன யானை பார்க்கப் பன்றி மாதிரி இருந்தது! முஸ்லிம்களிடையே எதிர்ப்புக் கிளம்பியதும் காசை நிறுத்திவிட்டு, 1912-ல் யானையின் உருவத்தைத் திருத்தினார்கள். அடித்த ஏறத்தாழ 94 லட்சத்தில் வெளியே போனது சுமார் 7 லட்சம், மற்றவை உலைக்குப் போயின. ஏழு லட்சம் என்பது ஒன்றும் சின்ன எண்ணிக்கை இல்லைதான். ஆனால் "பன்றி ரூபாய்" என்ற கதை இருப்பதால் கேட்பவர்கள் அதிகம். வரத்து மட்டும் விலையைச் சொல்வதில்லை, தேவையும் சேர்ந்துதான் சொல்கிறது.

எல்லாவற்றையும் மிஞ்சுவது 1939. 1940-ல் ரூபாயின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். முழு வெள்ளியில் வந்த கடைசி ஆண்டுக் காசில் புழக்கத்தில் தங்கியவை மிகக் குறைவு. அதனால் போலிகளும் அதிகம். தராசு இல்லாமல் வாங்கக் கூடாத காசு இது. இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டாம் உலகப் போரில் இந்தியா அமெரிக்காவிடம் சுமார் 22 கோடி அவுன்ஸ் வெள்ளி கடன் வாங்கியது. அதைத் திருப்பிக் கொடுக்க, அந்தப் பாதி வெள்ளிக் காசுகளை உருக்கி வெள்ளியைப் பிரித்தெடுத்தார்கள். 1957-ல் கடன் தீர்ந்தது. அங்கே டாலர் உருகி இங்கே ரூபாய் ஆனது போய், இங்கே ரூபாய் உருகி அங்கே போனது!

அரசு உலைக்குத் தப்பியது வீட்டு உலைக்குத் தப்பவில்லை. கொலுசாகவும் அரைஞாணாகவும் மாறிய ரூபாய்க்குக் கணக்கே கிடையாது. மிஞ்சியதிலும் வளையம் பற்றவைத்தது, ஓட்டை போட்டது என்று பாதி போய்விடும். இன்னொரு பாவம், புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது. பளபளப்பு வரும், ராஜா தலையின் நுணுக்கமும் காலத்தில் படிந்த நிறமும் போய்விடும், அதோடு சேகரிப்பாளர் தரும் விலையும். அழுக்கோடு இருக்கும் காசுதான் அவர்களுக்குப் பிடிக்கும்.

ஆண்டை மட்டும் படித்தாலும் போதாது. 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாயை 1874 வரை அதே ஆண்டு போட்டே அடித்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கத்துச் சின்னப் புள்ளிகளை எண்ணித்தான் வகையைப் பிரிக்கிறார்கள். சில வகைகள் மலிவு, சில அரிது. தெற்காவணி மூல வீதியில் எடைக்குப் போட்டால் எல்லாம் ஒரே விலை!

"உங்கள் பழைய காசுக்கு லட்சங்கள் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்" என்று வரும் போன்களை நம்பிப் பணத்தை இழந்தவர்களும் உண்டு. ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லியே இந்த மோசடி நடந்ததால், அப்படிக் கமிஷன் எதுவும் தாங்கள் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே அறிவிக்க வேண்டியதாயிற்று. வாங்குகிறவன் பணம் கொடுப்பானா, கேட்பானா?

வீட்டுக் காசு சரி, கீழக்குயில்குடி வயலில் உழும்போது ஒரு பானைக் காசு கிடைத்தால்? 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய், 1878-ல் பத்து வெள்ளி ரூபாய்.