முட்டையில் எழுதிய மரபு

ஈஸ்டர் திருநாளில் முட்டைக்குச் சாயமேற்றும் வழக்கம் எவ்வாறு எழுந்தது? கிறிஸ்தவ மரபில் முட்டை உயிர்த்தெழுதலின் அடையாளம். நடைமுறைக் காரணமும் ஒன்றுண்டு. இடைக்கால ஐரோப்பாவில் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் முட்டை உண்பது விலக்கப்பட்டிருந்தது. கோழியோ நோன்பு அறியாது. முட்டைகள் வீட்டில் குவிந்தன. நோன்பு முடிந்ததும் அவற்றுக்கு வண்ணமிட்டு உண்பதும் உற்றாருக்கு வழங்குவதும் மரபாயின. 1290-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில், 450 முட்டைகளுக்கு 18 பென்னி செலவு எழுதப்பட்டிருக்கிறது.

இக்கலை செழித்தோங்கிய நாடுகளுள் உக்ரைன் தலையாயது. அங்கு, ஒரே நிறமேற்றிய வேகவைத்த முட்டை ‘க்ராஷங்கா’, அது உண்பதற்கு. வெங்காயத் தோலைக் கொதிக்கவைத்த நீரே அதற்குச் செம்பழுப்புச் சாயமாகும். சிறிது காடி சேர்த்தால் சாயம் நன்கு பற்றும்.

கோலம் தீட்டிய பச்சை முட்டை ‘பிசங்கா’. அது காத்து வைப்பதற்கு. ‘எழுதுதல்’ எனப் பொருள்படும் சொல்லினின்று பிறந்தது இப்பெயர். நாமும் ஓவியத்தை ‘எழுதுவது’ என்றே வழங்கி வந்திருக்கிறோம் அல்லவா? சிறு புனல் பொருத்திய கோலால் உருகிய தேன்மெழுகை வெண்முட்டையின்மீது கோடுகளாக இடுவர். பின் மஞ்சட் சாயத்தில் தோய்ப்பர். மஞ்சளாக நிற்கவேண்டிய இடங்களை மெழுகால் மூடிச் சிவப்பிலும், அவ்வாறே சிவப்பைக் காத்துக் கறுப்பிலும் தோய்ப்பர். முடிவில் சுடரருகே காட்டி மெழுகைத் துடைத்தால், மறைந்திருந்த நிறங்கள் யாவும் ஒருங்கே வெளிப்படும். சோழமண்டலக் கரையின் கலம்காரித் துணிகளிலும் மெழுகு இப்பணியையே செய்தது.

1891 முதல் உக்ரைனியக் குடியானவர் பலர் கனடாவில் குடியேறினர். பின்னாளில் சோவியத் ஆட்சி சமய வழக்கங்களை ஒடுக்கியபோது, தாயகத்தில் பிசங்காக் கலை பெரிதும் நலிந்தது. குடிபெயர்ந்தோர் இல்லங்களில் அது வாழ்ந்தது. ஆல்பர்ட்டா மாநிலத்து வெக்ரவில் நகரில் 1975-இல் மாபெரும் பிசங்காச் சின்னமே நிறுவப்பட்டது. 1991-இல் உக்ரைன் விடுதலை பெற்றபின் கலை அங்கு மீண்டும் தழைத்தது. 2000-இல் கொலொமியா நகரில் அதற்கென ஓர் அருங்காட்சியகம் எழுந்தது. 2024-இல் யுனெஸ்கோ தனது பண்பாட்டு மரபுப் பட்டியலில் பிசங்காவைச் சேர்த்தது.

டில்லியிலும் மும்பையிலும் வாழும் நாம் எண்ணத்தக்க செய்தி இது. கனடாவில் அம்மரபைக் காத்தவர்கள் பெரும்பாலும் இல்லத்துப் பெண்டிர். ஆண்டுக்கொருமுறை குழந்தைகளை அருகமர்த்தி, மெழுகுக் கோலை அவர்கள் கையில் கொடுத்தனர். உடையும் ஓட்டின்மீது எழுதிய மரபு உடையாமல் நின்றது அதனால்தான்.