சாட்சிகளை விசாரித்த மதிப்புரைகள்

புத்தக மதிப்புரை ஒரு தனித்தொழிலாக லண்டனில் நிலைபெற்றது பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். 1749இல் ரால்ஃப் கிரிஃபித்ஸ் தொடங்கிய ‘மன்த்லி ரிவ்யூ’வும், 1756இல் அதற்குப் போட்டியாக எழுந்த ‘கிரிட்டிகல் ரிவ்யூ’வும் புதிய நூல்களிலிருந்து நீண்ட பகுதிகளை எடுத்துக்காட்டி, பெயர் வெளியிடாத எழுத்தாளர்களைக் கொண்டு அவற்றின் தரத்தை எடைபோட்டு வந்தன. இவ்விதழ்கள் வேரூன்றிய சில பத்தாண்டுகளில், அடிமைத்தளையில் உழன்ற ஆப்பிரிக்கர்கள் தம் துன்பத்தையும் அதனூடே தம்மைத் தாங்கிய கிறித்தவ நம்பிக்கையையும் பதிவுசெய்த நூல்கள் அச்சேறத் தொடங்கின. பிற புதிய எழுத்தாளர்களின் நூல் நன்றாக அமைந்துள்ளதா என்று பார்த்த காலம், இவர்களிடம் மட்டும் இதை எழுதியவர் இவர்தாமா, எழுதியது உண்மைதானா என்றே முதலில் வினவியது. இலக்கியத் தீர்ப்பு இங்கே சாட்சி விசாரணையாக மாறிற்று.

அந்த விசாரணை நூல் அச்சாகும் முன்பே தொடங்கியதை ஃபில்லிஸ் வீட்லியின் கதை காட்டுகிறது. சிறுமியாக 1761இல் பாஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்ட அவர், சமயப் போதகர் ஜார்ஜ் வைட்ஃபீல்டு 1770இல் மறைந்தபோது பாடிய இரங்கற்பாவால் பெயர் பெற்றார். ஆயினும் அவருடைய தொகுப்பைப் பாஸ்டனில் வெளியிட எடுத்த முயற்சி போதிய ஆதரவின்றி நின்றது. லண்டனில் 1773இல் அது வெளிவந்தபோது, கவிதைகள் அவருடையவையே என்று ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன், வணிகர் ஜான் ஹான்காக் உள்ளிட்ட 18 பேர் கையொப்பமிட்ட சான்றுரை அதில் இடம்பெற்றது. இப்பதினெண்மரும் ஓர் அறையில் கூடி அவரைத் தேர்வு செய்தனர் என்று பிற்காலத்தார் கூறுவதற்கு ஆவணச் சான்று ஏதுமில்லை. ஆனால் கையொப்பங்களே போதுமான இழிவு. அவ்வாண்டின் இறுதியில் ‘மன்த்லி ரிவ்யூ’ அவருடைய கவித்திறனைப் பெரிதாக மதிக்கவில்லை என்றாலும், விடுதலை பேசும் பாஸ்டன் நகரத்தார் அவரை அடிமையாகவே வைத்திருப்பதைக் கண்டித்தது. இங்கிலாந்து நண்பர்களின் வற்புறுத்தலால் வீட்லியின் எசமானர் அவரை ஏற்கெனவே விடுவித்திருந்த செய்தி அவ்விதழுக்கு எட்டியிருக்கவில்லை. பின்னர் தாமஸ் ஜெஃபர்சன், சமயம் அவரை உருவாக்கியிருக்கலாம், ஆனால் கவிஞராக உருவாக்க இயலவில்லை என்ற பொருள்பட எழுதியது, ஒருவரின் நம்பிக்கையையே அவருடைய கலைக்கு எதிரான சான்றாக நிறுத்திய தீர்ப்பாகும்.

இவ்வரலாற்றின் மையமான நூல் ஒலாடா எக்குவியானோ 1789இல் லண்டனில் இரு தொகுதிகளாக வெளியிட்ட தன்வரலாறு. இளமையில் கடத்தப்பட்டதாக அந்நூலில் கூறும் அவர், கடலில் பல ஆண்டுகள் உழைத்து, 1766இல் 40 பவுன் கொடுத்துத் தம்மைத் தாமே மீட்டுக்கொண்டவர். நூல் வெளிவருமுன்பே அதற்குப் பணம் செலுத்தி ஆதரவளிப்போரான முன்பதிவாளர்களைத் திரட்டி, உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு பதிப்பித்தார். வேல்ஸ் இளவரசர் உட்பட அவ்வாதரவாளர்களின் பெயர்ப்பட்டியல் நூலில் அச்சிடப்பட்டது. திறந்த வேதாகமத்தைக் கையில் ஏந்திய அவருடைய உருவப்படம் முகப்பில் நின்றது.

இந்நூலின் சமயப் பகுதியை இரு இதழ்கள் படித்த விதம் ஒப்புநோக்கத்தக்கது. பின்னாளில் பெண்ணுரிமை நூலால் புகழ்பெற்ற மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், ‘அனலிட்டிகல் ரிவ்யூ’வில் எழுதிய மதிப்புரையில், அடிமைகள் பட்ட வதைகளின் விவரிப்பால் உலுக்கப்பட்டதைச் சொல்லிவிட்டு, ஜான் வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்ட் சமய இயக்கத்துக்கு ஆசிரியர் மனம் திரும்பிய நீண்ட பகுதி சலிப்பூட்டுவதாகவும், நன்கு அமைந்த சில வாக்கியங்கள் நூலின் பொதுநடையோடு இசையவில்லை எனவும் குறை கூறினார். ‘மன்த்லி ரிவ்யூ’வோ, ஆங்கில எழுத்தாளர் ஒருவர் உதவியிருக்கக்கூடும் என்று ஐயுற்றபோதிலும், கனவுகளும் தரிசனங்களும் நிறைந்த அதே பக்கங்களைக் கொண்டு, ஞானஸ்நானச் சடங்கோடு நின்றுவிடாமல் கொள்கையால் நடத்தப்படும் மனிதர் இவர் என்ற முடிவுக்கு வந்தது. இரண்டில் ‘மன்த்லி ரிவ்யூ’வின் வாசிப்பே நூலுக்கு நெருக்கமானது. ஏனெனில் எக்குவியானோவுக்குத் துன்பம் ஒரு பகுதி, நம்பிக்கை மற்றொரு பகுதி என்ற பிரிவினை கிடையாது. விலைக்கு வாங்கிய உடல் விடுதலைக்கும் 1774இல் அடைந்ததாக அவர் கூறும் ஆன்ம விடுதலைக்கும் இடையே நீளும் தேடலே நூலின் உட்கட்டமைப்பு.

மதிப்புரைகளை எக்குவியானோ வெறுமனே ஏற்றுக்கொண்டு நிற்கவில்லை. சாதகமானவற்றையும் பரிந்துரைக் கடிதங்களையும் அடுத்தடுத்த பதிப்புகளில் சேர்த்தார். அடிமை வணிக ஒழிப்பு நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்ட 1792இல், அவர் ஆப்பிரிக்காவிலன்றிக் கரீபியத் தீவான சாந்தா குரூஸில் பிறந்தவர் என்று இரு லண்டன் செய்தித்தாள்கள் எழுதியபோது, தாம் இங்கிலாந்துக்கு வந்த புதிதில் தம்மை அறிந்தவர்களின் சாட்சியத்தைத் திரட்டி அச்சிட்டார். 1794க்குள் ஒன்பது பதிப்புகள் வெளிவந்தன. அவருடைய பிறப்பிடத்தைக் கரோலினா எனக் குறிக்கும் 1759ஆம் ஆண்டு ஞானஸ்நானப் பதிவை ஆய்வாளர் வின்சென்ட் கரெட்டா இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கவனத்துக்குக் கொண்டுவந்தபின், அவ்விவாதம் மீண்டும் எழுந்து இன்றும் தொடர்கிறது.

பெண்ணொருவர் சாட்சியானபோது விசாரணை உடலையும் விட்டுவைக்கவில்லை. அடிமையாக இருந்தபோது ஆன்டிகுவாவில் மொராவியத் திருச்சபையில் சேர்ந்த மேரி பிரின்ஸின் வாய்மொழி வரலாறு 1831இல் அடிமைமுறை எதிர்ப்பாளர் தாமஸ் பிரிங்கிளின் பதிப்பாக வெளிவந்தது. படித்தோரின் ஐயம் தீரவேண்டி, பிரின்ஸின் முதுகிலுள்ள தழும்புகளை நேரில் கண்டதாகப் பிரிங்கிளின் மனைவி எழுதிய கடிதம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டது. அதன்பின்னும் ‘பிளாக்வுட்ஸ்’ இதழில் அடிமைமுறை ஆதரவாளர் ஜேம்ஸ் மக்குவீன் நூலைத் தாக்கினார்; 1833இல் அந்நூலைச் சுற்றி அவதூறு வழக்குகள் நடந்தன.

அமெரிக்காவில், அடிமைநிலையிலிருந்து தப்பிய ஃபிரெடெரிக் டக்ளஸின் தன்வரலாறு 1845இல் அடிமை ஒழிப்பு இயக்கத்தினரான வில்லியம் லாயிட் காரிசனின் முன்னுரையோடும் வெண்டெல் ஃபிலிப்ஸின் கடிதத்தோடும் வெளியானது. ‘நியூயார்க் டிரிப்யூன்’ இதழில் அதை மதிப்பிட்ட மார்கரெட் ஃபுல்லர், எழுத்தின் ஆற்றலையே முன்னிறுத்திப் பாராட்டினார். இதற்கு மாறாக, டெலவேரைச் சேர்ந்த ஏ. சி. சி. தாம்சன், தாம் அறிந்த ஃபிரெடெரிக் பெய்லி என்ற கல்லாத அடிமையால் இதை எழுதியிருக்க முடியாது என்று செய்தித்தாளில் மறுத்தார். பெய்லி என்பது டக்ளஸின் இயற்பெயர். தாம் அடிமையாக இருந்ததே இல்லை என்று கூறிவந்தவர்களின் வாயை எதிரியே அடைத்துவிட்டதற்காகத் தாம்சனுக்கு நன்றி தெரிவித்த டக்ளஸ், 1846ஆம் ஆண்டு டப்ளின் பதிப்பில் அம்மறுப்பையும் தம் பதிலையும் ஒருசேர அச்சிட்டார்.