சிவப்பு அரச நண்டு

பசிபிக் பெருங்கடலின் வடகோடியில், பேரிங் கடலிலும் ஓகோட்ஸ்க் கடலிலும் அவற்றை ஒட்டிய குளிர்நீர்ப் பரப்புகளிலும் வாழும் பெரிய ஓட்டுடலி சிவப்பு அரச நண்டு. அறிவியல் பெயர் பாராலித்தோடெஸ் கம்சாட்டிக்கஸ். முதுகோடு ஏறத்தாழ 28 செ.மீ. அகலம் வரை வளரும். கால்களை விரித்தால் முனைக்கு முனை 1.8 மீட்டர் வரை இருக்கும். முதிர்ந்த ஆண் 10 கிலோவைத் தாண்டுவதுண்டு. உயிரோடிருக்கையில் இதன் நிறம் ஊதா கலந்த கருஞ்சிவப்பு. வெந்தால்தான் பளிச்சென்ற சிவப்பு. சில விலங்கியல் நூல்கள் அரச நண்டு என்று குறிக்கும் குதிரைலாட நண்டு வேறு. அது சிலந்திகளுக்கு நெருங்கிய உயிரி.

வகைப்பாடு

1803 முதல் 1806 வரை குரூசென்ஸ்டெர்ன் தலைமையில் உலகைச் சுற்றிவந்த ரஷ்யக் கடற்பயணத்தில் ஜெர்மானிய இயற்கையியலாளர் வில்ஹெல்ம் திலேசியஸ் இருந்தார். 1815இல் இந்த இனத்தை முதலில் விவரித்தவர் அவரே. சிலந்தி நண்டுகளின் பேரினமான மாயாவில் இதைச் சேர்த்தார். தோற்றத்தைப் பார்த்தால் அது இயல்பான முடிவுதான்; ஆனால் இது மெய்நண்டே அல்ல. பத்துக்காலிகள் வரிசையில், அனோமுரா பிரிவில், லித்தோடிடே குடும்பத்தில் இன்று வைக்கப்பட்டுள்ளது. பாராலித்தோடெஸ் என்ற பேரினத்தை 1848இல் விலங்கியலாளர் பிராண்ட் நிறுவினார்.

இது மெய்நண்டு அல்ல என்பதற்கான சான்று இதன் உடலிலேயே இருக்கிறது. நம் மீன் சந்தையில் கிடைக்கும் நீலநண்டில் கொடுக்குகள் நீங்கலாக நான்கு இணைக் கால்களை எண்ணலாம். அரச நண்டில் மூன்று இணைகள்தான் தெரியும். கொடுக்குகளையும் சேர்த்து எண்ணினால் ஐந்தாவதாக வரும் இணை சிறுத்து, ஓட்டுக்குள் மடங்கி, செவுள்களைத் துப்புரவு செய்யும் வேலையைப் பார்க்கிறது. பெண் நண்டின் வயிற்றுப்பகுதி சமச்சீரற்றது. இடப்பக்கத் தகடுகள் பெரியவை, முட்டை சுமக்கும் துணைக்கால்களும் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே வளர்ந்திருக்கும். வலம்சுழிச் சங்குக்குள் உடலை நுழைத்து வாழும் துறவி நண்டுகளிலும் இதே கோணல் உண்டு. அரச நண்டுகள் துறவி நண்டு முன்னோரிலிருந்து தோன்றியவை என்பதற்கு மரபணுச் சான்றை 1992இல் கன்னிங்காம், பிளாக்ஸ்டோன், பஸ் ஆகியோர் வெளியிட்டனர். உடலமைப்பை மட்டும் ஆராய்ந்த சிலர் பரிணாமம் எதிர்த்திசையில் நடந்ததாக வாதிட்டனர். மரபணு ஆய்வுகள் அதற்கு இடம் தரவில்லை. சங்கை விட்டு வெளியேறிய ஓர் உயிரி தன் முதுகோட்டையே கவசமாக்கி இவ்வளவு பெரிதாக வளர்ந்தது, ஓட்டுடலிகளின் வரலாற்றில் மிக வியப்பான திருப்பங்களுள் ஒன்று.

நீல அரச நண்டு இதே பேரினத்தைச் சேர்ந்தது. முதுகின் நடுவே சிவப்புக்கு மூன்று இணை முட்கள், நீலத்துக்கு இரண்டு.

வாழிடம்

கொரியா, ஜப்பானின் ஹொக்கைடோ, கம்சாட்கா, அலூசியன் தீவுகள், அலாஸ்கா, கனடாவின் மேற்குக் கரை என வட பசிபிக்கை வளைத்து இதன் இயற்கைப் பரவல் அமைந்துள்ளது. உறைநிலைக்குச் சற்றுக் கீழான கடல்நீரையும் இது தாங்கும். ஆனால் இதன் வாழிடத்தை ஒரே இடமாகச் சொல்ல முடியாது. வயதுக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும்.

வசந்தத்தில் மிதவையுயிரிகள் பெருகும் வேளையில் முட்டை பொரிக்கும். இளவுயிரி நான்கு சோயியா நிலைகளை நீரில் மிதந்தபடி கடந்து, பிறகு உணவே உண்ணாத கிளாக்கோத்தோ நிலையில் தரையைத் தேடும். சில மில்லிமீட்டரே உள்ள குஞ்சுக்குக் கற்கள், உடைந்த சிப்பிகள், பாசிவிலங்குகள் செறிந்த ஆழமற்ற தரை கிடைத்தாக வேண்டும். வெற்று மணலில் காட் மீன்களுக்கு இரையாகிவிடும். ஏறத்தாழ இரண்டு வயதில் ஒளிவிடங்களை விட்டு வெளியே வந்து, நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஒன்றன்மேல் ஒன்றேறிக் குவியலாக வாழத் தொடங்கும். முதிர்ந்தவை கோடையில் ஆழமான மணல், சேற்றுத் தரையில் சிப்பி, புழு, நட்சத்திர மீன் ஆகியவற்றைத் தின்று திரியும். குளிர்காலக் கடைசியில் இணைசேர மேட்டுநீருக்கு ஏறிவரும். பெண் தோலுரித்த உடனேதான் இணைசேர முடியும். அதற்காக ஆண் அதைப் பல நாள் பிடித்தபடி காத்திருக்கும். பெண் முட்டைகளை ஏறக்குறைய ஓராண்டு சுமக்கும்.

புதிய கடலில்

1960களில் சோவியத் அறிவியலாளர்கள் இந்த நண்டுகளைப் பாரன்ட்ஸ் கடலில், மூர்மன்ஸ்க் அருகே விட்டனர். 1970களில் அவை நார்வேயை எட்டின. அவை பரவிய பிறகு அங்குள்ள வராங்கர் ஃபியோர்டின் அடித்தரையில் சிப்பிகளும் முட்தோலிகளும் பெரிய புழுக்களும் குறைந்துபோயின. நார்வே 26 பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்குக் கிழக்கே அளவுவரம்போடு பிடிக்கவும், மேற்கே பரவலைத் தடுக்க வரம்பின்றிப் பிடிக்கவும் அனுமதிக்கிறது. மீனவருக்கு வருவாயும் கடலடிக்குச் சேதமும் ஒரே உயிரியால் வருவதால் பிறந்த ஏற்பாடு இது.

சொந்தக் கடலிலோ நிலைமை நேர்மாறு. அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவில் 1980இல் பிடிப்பு ஏறத்தாழ 59,000 டன்னைத் தொட்டது. 1983இல் பிடிக்கவே தடை. பின்னர் குறைந்த அளவில் தொடர்ந்தது. ஆண் நண்டை மட்டும், அதுவும் குறிப்பிட்ட அகலத்துக்கு மேல் வளர்ந்ததை மட்டுமே எடுக்கலாம் என்ற நல்ல விதி அங்கே உண்டு. ஆனால் விதி மட்டும் போதவில்லை. கடல்நீர் அமிலமாவதும் ஓர் அச்சுறுத்தல்: ஆய்வகத்தில் நீரின் பிஎச் அளவை 7.5க்கு இறக்கியபோது இளம் நண்டுகள் அனைத்தும் மடிந்தன. முதிர்ந்த பெண் நண்டுகள் குறைந்ததால் 2021, 2022 பருவங்களில் பிரிஸ்டல் விரிகுடா மறுபடி மூடப்பட்டு, 2023இல் சிறிய அளவுவரம்போடு திறக்கப்பட்டது. அலாஸ்காவின் கோடியாக் தீவைச் சுற்றி 1983இல் நிறுத்தப்பட்ட வணிகப் பிடிப்பு இன்னும் தொடங்கவில்லை.