ஆயா மரம்: பெயர், பயன், பதிவு – தாமிரபரணி வடிநிலத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

எல்ம் குடும்பத்தைச் சார்ந்த ஆயா மரம் தென்னிந்தியாவின் வறண்ட இலையுதிர் காடுகளில் பரவலாக வளர்வது. ஆயினும் தமிழ் ஆய்வுலகில் அது மிகுதியும் அறியப்படவில்லை. இம்மரத்தின் தாவரவியல் பதிவு, காலனியக் காட்டு நிருவாகம், மருத்துவ நூல்களின் பெயர் மயக்கம் ஆகியவற்றை ஆராய்ந்து, இந்நிலைக்கு மரத்தின் அருமையன்று, பயன்கள் கணக்கிடப்பட்ட முறையே காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஆயா மரம், எல்ம் குடும்பம், தாமிரபரணி, காட்டு நிருவாகம், மரப்பெயர் ஆய்வு

முன்னுரை

பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளுள் இறுதியானது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. ஏனைய ஏழும் காலத்தால் முந்தியவை; இது ஒன்றே ஆங்கிலேயர் ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கட்டப்பட்டது. இதனால் பாசனம் பெறும் கீழ்நிலப் பகுதிக்கு மலைக்காடு என்பது முதன்மையாக நீரின் தோற்றுவாய். காலனிய அரசோ அதனை நீர்ப்பிடிப்புப் பகுதியாகவும் மரக்கிடங்காகவும் கண்டது. நீர், வெட்டுமரம் என்னும் இவ்விரு நோக்குகளிலும் அடங்காத பயன்களை உடைய மரங்கள் பல. அவற்றுள் ஒன்றான ஆயாவை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒரு மரம் எவ்வாறு அறியப்படாததாகிறது என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது.

மரமும் பெயர்களும்

ஆயா, வெள்ளாயா, ஆவி எனத் தமிழில் வழங்கும் இம்மரத்தின் தாவரவியல் பெயர் ஹோலாப்டீலியா இன்டெக்ரிஃபோலியா. மலையாளத்தில் ஆவல் என்றும், கன்னடத்தில் தபசி என்றும், மராத்தியில் வாவளா என்றும், இந்தியில் சில்பில் என்றும் வழங்குகிறது. மலையடிவாரச் சரிவுகளிலும் சமவெளிகளிலும் ஓங்கி வளரும் இப்பெருமரம் குளிர்காலத்தில் இலை உதிர்த்து, இலையற்ற கிளைகளில் பூத்து, கோடையின் தொடக்கத்தில் வட்ட வடிவச் சிறகுக் கனிகளைக் காற்றில் பரப்புகிறது. இலையைக் கசக்கினால் விரும்பத்தகாத வாடை எழும்.

பெயர் தொடர்பான ஓர் இடரை இங்குச் சுட்டுதல் வேண்டும். ஆயா என்பது பணிப்பெண்ணையும் முதியவளையும் குறிக்கும். ஆவி என்பது உயிரையும் நீராவியையும் குறிக்கும். எனவே மின்னுருவாக்கப்பட்ட நூல்களிலும் ஆவணங்களிலும் சொல்தேடல் வழியாக இம்மரத்தைக் கண்டறிவது கடினம். தரவு இல்லை என்று முடிவுசெய்யும் முன் இம்மயக்கத்தை ஆய்வாளர் களைய வேண்டியுள்ளது.

தாவரவியல் பதிவு

இம்மரத்தை அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தியவர் வில்லியம் ராக்ஸ்பர்க். கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சோழமண்டலக் கரையோரத் தாவரங்களைத் திரட்டிய அவர், இந்திய ஓவியர்களைக் கொண்டு வரைவித்த படங்களுடன் 1795 முதல் வெளிவந்த தம் நூல்வரிசையில் இதனை 'உல்மஸ் இன்டெக்ரிஃபோலியா' என்று பெயரிட்டார். ஐரோப்பிய எல்மின் இலை விளிம்பு பல் போன்றது. இதன் இலை விளிம்போ பிளவற்றது. அவ்வேறுபாடே பெயராயிற்று.

1848இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜூல் எமில் பிளான்ஷோன் இதனை எல்ம் பேரினத்திலிருந்து பிரித்து ஹோலாப்டீலியா என்னும் தனிப் பேரினமாக்கினார். இப்பேரினத்தில் இன்று இரண்டே சிற்றினங்கள் உள்ளன. ஒன்று இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதிக்கும் மற்றொன்று வெப்பமண்டல ஆப்பிரிக்காவுக்கும் உரியவை. பின்னர், சென்னை மாகாணக் காட்டு அலுவலர் பெட்டோம் 1869–1874 காலத்தில் வெளியிட்ட தென்னிந்திய மரங்கள் பற்றிய நூலும் இம்மரத்திற்கு இடமளித்தது. ஆகவே அறிவியல் பதிவில் இது விடுபட்ட மரமன்று.

பயன்களும் காட்டுக் கணக்கும்

ஆயாவின் கட்டை வெளிர்மஞ்சள் நிறமானது, ஓரளவு கடினமானது. ஆனால் தெளிவான வைரம் இல்லாதது. பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இரையாவது. வண்டி உறுப்புகள், மலிவான தட்டுமுட்டுப் பொருள்கள், தீக்குச்சி, பெட்டிப் பலகை ஆகியவற்றுக்கு உதவினாலும் தேக்கு, வேங்கை ஆகியவற்றின் சந்தை மதிப்பை அது எட்டவில்லை. இதன் பெரும்பான்மைப் பயன்கள் வேறு வகையின: தழை கால்நடைத் தீவனம்; கிளை விறகும் கரியும்; பட்டை நாரும் மருந்தும்; விதை எண்ணெய்.

1882ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டத்திற்குப் பின் மலைக்காடுகள் ஒதுக்கக் காடுகளாயின. மேய்ச்சலும் தழைவெட்டும் விறகெடுப்பும் அனுமதிக்கும் கட்டணத்திற்கும் உட்பட்டன. காட்டு வருவாய்க் கணக்கில் வெட்டுமரம் இனவாரியாக மதிப்பிடப்பட்டது. ஏனையவை விறகு, மேய்ச்சல், சிறு வனப்பொருள் என்னும் பொதுத் தலைப்புகளில் அடங்கின. ஆட்டுக்கு ஒடிக்கப்பட்ட ஆயாத் தழை 'மேய்ச்சல்' ஆயிற்று. அதன் கிளை 'விறகு' ஆயிற்று. மரத்தின் பெயர் கணக்கில் ஏறவில்லை. வைரமுள்ள மரங்கள் தத்தம் பெயருடன் ஆவணத்தில் நிலைபெற, மக்கள் அன்றாடம் பயன்படுத்திய மரங்கள் பெயரிழந்தன. காட்டு ஆவணங்களில் ஒரு மரத்தின் பெயர் இல்லாமையை அதன் பயனின்மைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்பது இதனால் பெறப்படும்.

மருத்துவ நூல்களில் பெயர் மயக்கம்

வடமொழி மருத்துவ மரபில் இம்மரம் சிரபில்வம் எனப்படுகிறது. சரக சம்கிதை இதனை லேகனீயம், பேதனீயம் ஆகிய மருந்துத் தொகுதிகளில் வைக்கிறது. கேரள மரபில் மூல நோய்க்கு வழங்கும் சிருவில்வாதிக் கஷாயம் இதன் பெயராலேயே அமைந்தது. எனினும் நிகண்டு மரபில் சிரபில்வம் என்னும் சொல் கரஞ்சத்தின், அதாவது நம் புங்கின், மறுபெயராகவும் ஆளப்பட்டுள்ளது. புங்கு அவரைக் குடும்பத்து மரம். ஆயாவோ எல்ம் குடும்பத்து மரம். வடமொழி மருந்துப் பெயர்களைத் தமிழாக்கும்போது இவ்விரண்டும் ஒன்றாக்கப்படின் மருந்தே மாறிவிடும். ஆகவே இது சொல்லாய்வுச் சிக்கல் மட்டுமன்று; நோயாளியின் உடல் சார்ந்த சிக்கலும் ஆகும்.

இமய எல்முடன் ஓர் ஒப்பீடு

ஹோலாப்டீலியாவைத் தனிப் பேரினமாக்கிய அதே 1848ஆம் ஆண்டில் பிளான்ஷோன் இமயமலை எல்மையும் 'உல்மஸ் வாலிச்சியானா' எனப் பெயரிட்டு விவரித்தார். அம்மலைவாழ் மக்களுக்கும் அது தீவன மரமாகவும் நார் மரமாகவுமே இருந்தது. ஆனால் 20ஆம் நூற்றாண்டில் 'டச்சு எல்ம் நோய்' ஐரோப்பிய எல்ம்களை அழித்தபோது, நெதர்லாந்து ஆய்வாளர் ஹான்ஸ் ஹேபுரூக் 1960இல் இமயமலைக்கு வந்து அதன் கிளைகளைத் திரட்டினார். நோய் எதிர்ப்புத் திறனுடைய கலப்பின எல்ம்கள் 1970களில் வெளியாயின. அம்மரம் உலகக் கவனம் பெற்றது உள்ளூர்ப் பயனாலன்று, அயலார் தேவையால். அதே வேளை, மிகையான தழைவெட்டு முதலியவற்றால் அது தன் தாயகத்தில் அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. ஆயாவுக்கு அத்தகைய வெளித்தேவை நேரவில்லை.

முடிவுரை

ஆயா மரம் அறிவியலில் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பெயர் பெற்றுள்ளது. அதன் பயன்களின் வரலாறோ எழுதப்படவில்லை. விற்பனை மதிப்பே பதிவுக்கு அளவுகோலாக இருந்தமையும், பெயர்கள் பிற சொற்களோடும் பிற மரங்களோடும் மயங்கியமையும் இதற்குக் காரணங்கள். களக்காடு – முண்டந்துறைப் புலிகள் காப்பகம் 1988இல் அமைந்த பின் மலைக்காட்டுடன் மக்களுக்கிருந்த பயன்பாட்டு உறவு மேலும் சுருங்கியுள்ளது. தழை ஒடித்தும் பட்டை உரித்தும் மரத்தை அறிந்திருந்த தலைமுறையின் நினைவே எஞ்சிய ஆவணமாகும். மலையடிவார ஊர்கள் முதல் ஸ்ரீவைகுண்டம் வரையிலான வடிநிலத்தில் மரப்பெயர்களையும் பயன்களையும், அடையாளம் உறுதிசெய்யப்பட்ட தாவர மாதிரிகளுடன் இணைத்துத் தொகுக்கும் கள ஆய்வு உடனடித் தேவை. தமிழ்த் துறைகளும் தாவரவியல் துறைகளும் இணைந்தே அதனைச் செய்ய இயலும்.