காட்மியமா, போரானா?

வெப்ப நியூட்ரானை நிறுத்த எது நல்லது என்று கேட்டால் பலரும் உடனே காட்மியம் என்பார்கள். அந்தப் பெயர் வாங்கிக் கொடுத்தது சிகாகோதான்.

1942 டிசம்பர் 2. மைதான கேலரிக்கு அடியில், ஸ்குவாஷ் ஆடும் இடத்தில், யுரேனியமும் கிராஃபைட்டுமாக ஃபெர்மி குழு அடுக்கிய முதல் அணு உலை. அதன் கட்டுப்பாட்டுக் கழி என்ன தெரியுமா? மரச்சட்டத்தில் ஆணியடித்த காட்மியத் தகடு, அவ்வளவுதான்! அவசரக் கழியின் கயிற்றை வெட்ட நார்மன் ஹில்பெரி கோடரியோடு நின்றார். அதுவும் கைகொடுக்காவிட்டால் ஊற்றுவதற்கு, மேலே மூன்று பேர் காட்மிய உப்புக் கரைசலோடு காத்திருந்தார்கள்.

ஏன் காட்மியம்? எண்ணைப் பார்த்தாலே புரியும். வெப்ப நியூட்ரானைப் பிடிக்கும் அளவு காட்மியத்துக்குச் சுமார் 2,450 பார்ன், இயற்கைப் போரானுக்குச் சுமார் 760. ஒரு மில்லிமீட்டர் காட்மியத் தகட்டைத் தாண்டிப் போவது லட்சத்தில் ஒன்றுதான். அதோடு மெத்தென்ற உலோகம், வெட்டலாம், வளைக்கலாம். போரான் கார்பைடை அப்படி ஆணியடிக்க முடியாது.

ஆனால் உலையை அடக்குவது வேறு, ஆளைக் காப்பது வேறு. நியூட்ரானை விழுங்கிய காட்மியம் சும்மா இருக்காது. ஒவ்வொரு பிடிப்புக்கும் மொத்தம் 9 எம்இவி அளவு ஆற்றலைக் காமா கதிர்களாகக் கொட்டிவிடும். சிகாகோ உலை அன்று ஓடியது அரை வாட்டில். அது யாருக்கும் உறைக்கவில்லை. மெகாவாட் உலைகள் வந்ததும், தடுக்க வைத்த தகடே புதுக் காமா மூலமாகிவிடும் சங்கடம். அதை மறைக்க இன்னும் ஈயம், இன்னும் எடை.

போரான்-10 வேறு மாதிரி. நியூட்ரானை வாங்கி ஆல்ஃபாவாகவும் லித்தியமாகவும் உடையும். இரண்டும் சில மைக்ரானிலேயே நின்றுவிடும். நூற்றுக்கு 94 தடவை கூடவே ஒரு காமா வரும், அதுவும் 0.48 எம்இவிதான். 1940களின் இறுதியில் ஓக் ரிட்ஜில் போரான் கார்பைடுத் தூளை அலுமினியத்தில் கலந்து, இருபுறமும் அலுமினியத் தகடு வைத்து உருட்டி எடுத்தார்கள். பெயர் 'போரல்'. தகடாக்க முடியாது என்ற குறை அதோடு தீர்ந்தது. என் பார்வையில் கோடரிக் கதையைவிட இதுதான் பெரிய விஷயம், ஆனா யாரும் சொல்றதில்லை.

இன்னொன்று: வேக நியூட்ரானிடம் இரண்டு பொருளுமே பெரிதாக ஒன்றும் செய்யாது. காட்மியம் 0.5 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஏறக்குறைய கண்ணாடி மாதிரி. முதலில் பாரஃபின், பாலிஎத்திலீன் போல ஹைட்ரஜன் நிறைந்த ஏதாவது வேகத்தைக் குறைக்கணும். ஃபெர்மி 1934லேயே ரோமில் பாரஃபினை வைத்துப் பார்த்தது அதைத்தான். இன்றைக்கு பாலிஎத்திலீனுக்குள்ளேயே போரானைக் கலந்து பலகையாக விற்கிறார்கள்.