ஷிராஸ் ஒயினும் தமிழ்நாட்டு உணவும்

ஷிராஸ் என்பது கருநீலத் தோல் கொண்ட திராட்சை ரகம். அதிலிருந்து வடிக்கும் அடர்சிவப்பு ஒயினுக்கும் அதுவே பெயர். பிரான்சில் இதைச் சிரா என்பார்கள். பாரசீகத்து ஷிராஸ் நகரம்தான் இதன் பிறப்பிடம் என்று நெடுங்காலம் உலவிய கதையை 1998இல் வெளிவந்த மரபணு ஆய்வு முடித்துவைத்தது. தென்கிழக்குப் பிரான்சின் துரேசா, மோந்தூஸ் பிளான்ஷ் என்ற இரு ரகங்கள் கலந்து பிறந்தது இது. ரோன் ஆற்றங்கரையின் எர்மித்தாஜ் சரிவுகளில் பேரெடுத்தபின், 1832இல் ஜேம்ஸ் பஸ்பி கொண்டுவந்த தண்டுகள் வழியே ஆஸ்திரேலியாவில் வேரூன்றியது. இந்தியாவில் நந்தி மலையடிவாரத்தில் 1988இல் தொடங்கிய குரோவர், நாசிக்கில் 1999இல் தொடங்கிய சூலா ஆகிய நிறுவனங்களால் பரவலாகத் தெரியவந்தது. தமிழ்நாட்டுத் திராட்சைக்கு அடையாளம் 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர். அது வேறு ரகம். அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்த மத்தியதரைக் கடல் மதுச்சாடிகளைக் காட்டி நமக்கும் ஒயினுக்கும் ஈராயிரம் ஆண்டு உறவு என்று பெருமை பேசலாம். ஆனால் அந்தத் தொடர்பு இடையில் அறுந்துபோனது. இன்றைய சமையலைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

காரசாரமான இந்திய உணவுக்குத் திடமான ஷிராஸ்தான் சரி என்று விற்பனையாளர்கள் சொல்வது பாதி உண்மை. காரம் என்று ஒரே சொல்லில் அடக்கினாலும் மிளகும் மிளகாயும் நாக்கில் வேறு வேறு வேலை செய்கின்றன. ஷிராஸின் மிளகு மணத்துக்குக் காரணம் ரொட்டண்டோன் என்ற சேர்மம் என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் கண்டறிந்தார்கள். மிளகிலும் மணப்பது அதுவே. அது முதலில் பிரித்தெடுக்கப்பட்டதோ, சித்த மருத்துவர்கள் நன்கறிந்த கோரைக்கிழங்கிலிருந்து. மிளகாய் போர்த்துகீசியர் வருகைக்குப் பின் வந்தது. அதன் எரிச்சலை மதுவின் சாராயம் கூட்டுமே தவிரத் தணிக்காது. ஆகவே ஷிராஸ் பொருந்துவது நம் சமையலின் பழைய அடுக்கோடு: மிளகு தூக்கலான செட்டிநாட்டு ஆட்டுக்கறி வறுவல், சுக்கா, ஈரல். கறியின் கொழுப்பும் புரதமும் ஒயினின் துவர்ப்பை வாங்கிக்கொள்கின்றன. வத்தக்குழம்பின் புளிக்கு முன்னால் அதே ஒயின் சப்பென்று ஆகிவிடும். மீன் குழம்போடு இன்னும் மோசம். சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச்சத்து மீன் கவிச்சியைக் கிளப்பிவிடும். பிரியாணிக்குப் பொருந்தும், தொட்டுக்கொள்ளும் புளிக்கத்தரிக்காயைத் தள்ளிவைத்தால்.

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. ரொட்டண்டோன் குளிர்ந்த தோட்டங்களில்தான் மிகுதியாக உருவாகும், நாசிக் வெயிலில் விளைந்த ஷிராஸில் மிளகு எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அக்டோபர் வாக்கில் கவாத்து செய்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை செய்வதால் குளிர்கால இரவுகள் கொஞ்சம் கைகொடுக்கின்றன என்றாலும் மணம் மெலிதுதான். போதாக்குறைக்கு, ரொட்டண்டோனைக் கண்டறிந்த அந்த 2008 ஆய்வில் சுவைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அது தெரியவே இல்லை. அப்போதும் கொழுப்பும் துவர்ப்பும் பொருந்துவது மாறாது. வாதத்தின் பாரத்தை மணத்திலிருந்து அதற்கு மாற்றிக்கொண்டால் போதும்.

சாப்பாட்டோடு குடிப்பது நம் வழக்கமே இல்லை என்பது அடுத்த மறுப்பு. சென்னையை ஒட்டிய பாரிவாக்கம், பூந்தமல்லி வட்டாரமானாலும் மதுரையானாலும் குடிப்பவர்கள் முதலில் குடித்துவிட்டு அப்புறம்தான் சோற்றில் கை வைப்பார்கள். ஆனால் இது ஷிராஸுக்குச் சாதகமான செய்தி. குடிக்கும்போது வரும் சைடு டிஷ்ஷில் குழம்பு கிடையாது. மிளகுக்கறி, முட்டைப் பொரியல் எனப் புளி படாத வறுவல்களே அதிகம். மிளகாய்ச் சிவப்பேறிய சிக்கன் 65 மட்டும் விதிவிலக்கு. அதற்குப் பீர்தான் சரி. இன்னொன்று, சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்பது ஐரோப்பிய அறைகளுக்கான விதி. ஷிராஸுக்கு 16 முதல் 18 டிகிரி போதும். சென்னையின் அறைவெப்பம் பெரும்பாலான மாதங்களில் 30ஐ ஒட்டியே இருப்பதால், பாட்டிலைச் சற்று நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சாராய நெடிதான் முந்திக்கொண்டு வரும்.